கோழிக் கொட்டகையில் பிறந்த நில தர்மம்

1948-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 21-ம் தேதி. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், அந்த மாநிலத்தின் பெயரையே கொண்ட ஆற்றின் கரையில், பக்கத்துப் பண்ணை ஒன்றிலிருந்து புகை கிளம்பியது. காய்ந்த புல்லில் தீ பற்றிப் பரவிக்கொண்டிருந்தது. 61 வயதான பேராசிரியர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் தெளிக்கும் கருவியை எடுத்துக்கொண்டு ஓடினார். அவருடைய மனைவியும் கடைசி மகளும் உடன் சென்றனர்.

தீயை அணைத்துக்கொண்டிருந்தபோதே அவருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. அண்டை வீட்டாரின் நிலத்திலேயே அவர் உயிர் பிரிந்தது.

அவர் பெயர் ஆல்டோ லியோபோல்டு. அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, ஏப்ரல் 14-ம் தேதிதான், அவருக்கு ஒரு டெலிபோன் வந்திருந்தது. பல ஆண்டுகளாக அவர் எழுதித் திருத்தி வைத்திருந்த கட்டுரைகளைப் புத்தகமாகப் போட ஆக்ஸ்போர்டு பல்கலைக் கழகப் பதிப்பகம் ஒப்புக்கொண்டது என்பதே செய்தி. அச்சான புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்க்கும் பாக்கியம் அவருக்குக் கிடைக்கவில்லை. மகன் லூனா முன்னின்று பதிப்பு வேலையை முடிக்க, 1949-ல் புத்தகம் வெளிவந்தது. 'ஒரு மணல் கவுண்டியின் பஞ்சாங்கம்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். இதுவரை இருபது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது.

அந்தப் புத்தகத்தின் கடைசிப் பகுதியில் உள்ள ஒரு கட்டுரைதான் உலகெங்கும் பேசப்படுவது. மனிதனுக்கும் நிலத்துக்கும் உள்ள உறவு வெறும் வியாபார உறவா, அல்லது அதில் தர்மம் என்று ஒன்று உண்டா என்பதே அந்தக் கட்டுரையின் கேள்வி.

மேசை வியாபாரியின் மகன்

லியோபோல்டு 1887-ம் ஆண்டு ஜனவரி 11-ம் தேதி, மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள பர்லிங்டன் என்ற ஊரில் பிறந்தார். ஜெர்மானிய வம்சாவளிக் குடும்பம். தந்தை காரல், எழுதுமேசைகள் செய்யும் தொழிற்சாலை நடத்தியவர். வேட்டையில் பிரியம் உள்ளவர். ஆனால் நீர்ப்பறவைகள் கூடு தேடிப் போகும் வசந்த காலத்தில் சுடுவதில்லை என்று தமக்குத் தாமே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டிருந்தார். அப்போது அப்படி ஒரு சட்டம் கிடையாது. யாரும் கேட்கப் போவதில்லை. இருந்தாலும் அவர் துப்பாக்கியைத் தொடவில்லை.

சட்டம் கேட்காத இடத்தில் மனசாட்சி கேட்கும் என்ற பாடத்தைச் சிறுவன் ஆல்டோ வீட்டிலேயே பார்த்துவிட்டான். ஆனால் அந்தப் பாடம் முழுவதும் விளங்க இன்னும் பல ஆண்டுகள் பிடித்தன.

யேல் பல்கலைக் கழகத்தில் வனவியல் படித்துத் தேறி, 1909-ல் காட்டிலாகாவில் உத்தியோகத்தில் சேர்ந்தார். அரிசோனாவில் உள்ள அப்பாச்சி காட்டுக்கு அனுப்பினார்கள். எத்தனை மரம், எவ்வளவு பருமன், என்ன விலை போகும் என்று கணக்கெடுப்பதே வேலை. வயது 22.

ஓநாயின் கண்கள்

அந்த ஆண்டில் ஒருநாள், அவரும் உடன் இருந்தவர்களும் ஒரு மலைப்பாறையின் விளிம்பில் உட்கார்ந்து மதிய உணவு சாப்பிட்டுக்கொண்டிருந்தனர். கீழே ஆற்றைக் கடந்து ஒரு தாய் ஓநாய் வந்தது. வளர்ந்த குட்டிகள் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்து அதைச் சூழ்ந்துகொண்டன.

ஓநாயைக் கண்டால் சுடுவது அந்தக் காலத்தில் வழக்கம். அதற்காக யோசித்து நிற்பவர் எவரும் இல்லை. ஓநாய் குறைந்தால் மான் பெருகும், மான் பெருகினால் வேட்டைக்காரனுக்குச் சொர்க்கம் என்பது சர்க்காரின் கணக்கு. லியோபோல்டின் கணக்கும் அதுவே. எல்லோரும் சுட்டார்கள். தாய் ஓநாய் விழுந்தது. அவர் இறங்கிப் போனபோது அதற்கு இன்னும் உயிர் இருந்தது. அதன் கண்களில் பச்சையாக எரிந்த ஓர் ஒளி தம் கண்ணெதிரே அணைந்துபோனதைப் பார்த்ததாக அவர் பின்னாளில் எழுதினார்.

உடனே அவர் மனம் மாறிவிட்டார் என்று நினைத்தால் அது தவறு. 1920-ல் நடந்த ஒரு மாநாட்டில்கூட, நியூ மெக்சிகோவில் கடைசி ஓநாய் வரை ஒழிக்கப்பட வேண்டும் என்று பேசியவர் அவர். ஓநாய்க் கதையை எழுதியது 1944-ல். சுட்டதற்கும் எழுதியதற்கும் இடையே 35 ஆண்டுகள்! தம்முடைய தவற்றைத் தாமே ஏட்டில் எழுதிவைக்க அத்தனை காலம் ஆயிற்று.

அந்த இடைக்காலத்தில் அவர் கண்டது என்ன? மாநிலம் மாநிலமாக ஓநாய்கள் ஒழிக்கப்பட்டன. மான்கள் பெருகின. செடி, கொடி, இளங்கன்று எல்லாவற்றையும் அவை தின்று தீர்த்தன. எட்டும் உயரம்வரை மரங்களில் இலை இல்லை. பிறகு பனிக்காலத்தில் தீனி இல்லாமல் மான்களே கூட்டம் கூட்டமாகச் செத்தன. மொட்டையான மலைச்சரிவில் மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டு போயிற்று. ஓநாயைக் கொன்ற மாட்டுப் பண்ணைக்காரன், மந்தையை அளவோடு வைத்திருக்கும் ஓநாயின் வேலையைத் தான் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதை உணரவில்லை. அதனால்தான் மண் ஆற்றோடு போய்க் கடலில் சேருகிறது என்பது அவர் கண்ட முடிவு.

நிலம் என்பது மண் மட்டும் அல்ல. மண், அதில் முளைக்கும் செடி, செடியைத் தின்னும் பூச்சி, பூச்சியைத் தின்னும் பறவை, மான், மானைத் தின்னும் ஓநாய் எல்லாம் சேர்ந்ததே நிலம். கீழிருந்து மேலே போகும் சத்து, சாவின் மூலமாக மறுபடி மண்ணுக்கே திரும்புகிறது. கடிகாரத்தைப் பிரித்துப் பழுது பார்க்கிறவன், எதற்கு என்று தெரியாத சின்னச் சக்கரத்தைக்கூடத் தூக்கி எறிய மாட்டான். இயற்கையிலும் அதே நிதானம் வேண்டும் என்றார் லியோபோல்டு.

சாராயக்காரன் கைவிட்ட பண்ணை

1924-ல் இரண்டு காரியங்கள் நடந்தன. நியூ மெக்சிகோவில் கீலா என்ற பகுதியில் சுமார் ஏழரை லட்சம் ஏக்கர் காட்டைச் சாலை போடாமல், மரம் வெட்டாமல் அப்படியே விட்டுவைக்க வேண்டும் என்ற அவருடைய யோசனையைக் காட்டிலாகா ஏற்றது. அதே ஆண்டு அவர் விஸ்கான்சின் மாநிலத் தலைநகர் மேடிசனுக்கு மாற்றலானார். 1933-ல் அங்குள்ள பல்கலைக் கழகத்தில் வனவிலங்கு நிர்வாகப் பேராசிரியரானார். அந்தப் பாடத்துக்கு அந்நாட்டில் ஏற்பட்ட முதல் பேராசிரியர் பதவி அதுதான்.

அதுவரை சர்க்கார் காட்டைப் பற்றிப் பேசிவந்தவர், 1935-ல் தாமே ஒரு நிலத்தைக் கிரயம் வாங்கினார். மேடிசனிலிருந்து சுமார் 50 மைல் தொலைவில் ஆற்றங்கரையோரம் 80 ஏக்கர் அளவில் ஒரு பண்ணை.

நல்ல நிலம் என்று எண்ண வேண்டாம். அதற்கு முன் அதை வைத்திருந்தவன் கள்ளச் சாராயம் காய்ச்சியவன். மண்ணில் மிச்சம் இருந்த சத்தையும் உறிஞ்சிவிட்டு, வீட்டையும் எரித்துவிட்டு, வரிபாக்கியோடு நிலத்தைக் கவுண்டி நிர்வாகத்தின் தலையில் போட்டுவிட்டு, பஞ்ச காலத்துக் கூட்டத்தில் எங்கோ மறைந்துபோனான். மிஞ்சியது மணலும், முள்ளும், ஒரு கோழிக் கொட்டகையும்தான்.

பேராசிரியர் குடும்பம் அந்தக் கொட்டகையிலிருந்த எருவை வாரிக் கொட்டிச் சுத்தம் செய்து, அதிலேயே குடியேறியது. குடியேறியது என்றால் வார விடுமுறையிலும் லீவு நாட்களிலும்தான். வாரம் முழுவதும் பட்டணத்தில் உத்தியோகம். சனி, ஞாயிறு மண்வெட்டி. கணவன், மனைவி, ஐந்து பிள்ளைகள், எல்லோரும் சேர்ந்து பைன் மரக் கன்றுகளை நட்டனர்.

1936-ல் கடும் வறட்சி. அந்த வசந்தத்தில் நட்ட கன்றுகளில் பெரும்பகுதி கருகிப்போயிற்று. அடுத்த ஆண்டு மறுபடி நட்டனர். அதற்கு அடுத்த ஆண்டும் நட்டனர். அவர் இறப்பதற்குள் அங்கே நட்ட கன்றுகள் பத்தாயிரக்கணக்கில் இருந்தன.

விடியுமுன் எழுந்து எந்தப் பறவை எப்போது கூவியது என்று குறிப்பது, எந்தச் செடி எந்தத் தேதியில் பூத்தது என்று பதிவது இவையும் அங்கே அவருடைய வேலைகள். ஆபீஸ் லெட்ஜர் எழுதுகிறவரின் ஒழுங்கோடு அவர் எழுதிய அந்தக் குறிப்புகள் வீண் போகவில்லை. 1976 முதல் மகள் நீனா அதே இடத்தில் அதே கணக்கைத் தொடர்ந்தார். அந்தப் பழைய ஏட்டோடு ஒப்பிட்டபோது, பூமி சூடாவதால் 2012-ம் ஆண்டில் செடிகள் முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு முந்திப் பூத்திருப்பதை விஞ்ஞானிகள் கண்டனர்.

லாபம் உள்ளதை மட்டும் செய்தார்கள்

தர்மம் என்ற சொல்லுக்கு அவர் வந்து சேர்ந்தது சும்மா அல்ல. சட்டமும் சலுகையும் தோற்றதைக் கண்ணால் பார்த்த பிறகே வந்தார்.

விஸ்கான்சினின் தென்மேற்கில் மண் அரிப்பு பெரும் தொல்லை. 1933-ல் சர்க்கார் ஒரு திட்டம் கொண்டுவந்தது. மண்ணைக் காக்கும் முறைகளை ஐந்து ஆண்டுகள் கைக்கொள்வதாக விவசாயி ஒப்பந்தம் செய்தால், ஆள் உதவியும் இயந்திரங்களும் இலவசம். விவசாயிகள் ஒப்புக்கொண்டனர். ஐந்து ஆண்டுகள் முடிந்தன. எந்த முறைகளில் கைமேல் லாபம் கிடைத்ததோ, அவை மட்டும் தொடர்ந்தன, மற்றவை மறக்கப்பட்டன.

சரி, விதிகளை விவசாயிகளே எழுதட்டும் என்று 1937-ல் மாநிலச் சட்டசபை ஒரு சட்டம் செய்தது. அவர்களே எழுதும் விதிக்கு அரசு துணை நிற்கும். பத்து ஆண்டுகள் ஆகப் போயின. ஒரு கவுண்டியாவது ஒரு விதியாவது எழுதவில்லை! செங்குத்தான சரிவை உழாமல் விடுவது, மரத்தோப்பில் மாடு நுழையாமல் வேலி போடுவது போன்ற, ஊருக்கு நன்மையும் தனக்குச் செலவும் ஆன காரியங்கள் அப்படியே நின்றன.

அந்த விவசாயிகள் கெட்டவர்கள் அல்லர். பள்ளிக்கூடம் கட்டவும், சாலை போடவும், கோவிலுக்கும் கைப்பணம் கொடுத்தவர்களே. ஊருக்குக் கடமைப்பட்டவர்கள் என்பதை உணர்ந்தவர்கள், நிலத்துக்கும் கடமைப்பட்டவர்கள் என்று மட்டும் உணரவில்லை. ஏன்? யாரும் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுத்ததெல்லாம் உனக்கு எது லாபமோ அதைச் செய் என்பதே.

லாபக் கணக்கின் குறையை அவர் ஓர் எண்ணில் காட்டினார். விஸ்கான்சினுக்கே உரிய செடிகளும் பிராணிகளும் 22,000 வகை. அவற்றில் விற்கவோ, தின்னவோ, வேறு வகையில் பணமாக்கவோ கூடியவை நூற்றுக்கு ஐந்துகூட இருக்காது. விலை உள்ளதற்கே வாழ உரிமை என்றால் மீதி 95 பங்கு என்ன ஆவது? அந்தத் தொண்ணூற்றைந்து இல்லாமல் இந்த ஐந்து நிற்குமா?

பன்னிரண்டு பணிப்பெண்கள்

தம் கட்டுரையை அவர் ஒரு பழைய கிரேக்கக் கதையோடு தொடங்குகிறார். போர் முடிந்து வீடு திரும்பிய ஒடிசியஸ் என்ற மன்னன், தன் வீட்டு அடிமைப் பெண்கள் ஒரு டஜன் பேர் தவறு செய்தார்கள் என்று சந்தேகித்து, எல்லோரையும் ஒரே கயிற்றில் தூக்கிலிட்டான். யாரும் அதைக் குற்றம் என்று சொல்லவில்லை. அந்த நாட்டில் நீதி, நேர்மை இல்லாமல் இல்லை. ஆனால் அடிமைகள் மனிதர்கள் அல்லர், சொத்து. சொத்தை என்ன செய்வது என்பது சொந்தக்காரனின் இஷ்டம்.

மனிதனைச் சொத்தாக வைப்பது அநியாயம் என்று உலகம் ஒப்புக்கொள்ளப் பல ஆயிரம் ஆண்டுகள் பிடித்தன. அந்தப் பணிப்பெண்கள் அன்று இருந்த இடத்தில்தான் இன்று நிலம் இருக்கிறது என்பது லியோபோல்டின் வாதம். அதன்மேல் மனிதனுக்கு உரிமை உண்டு, கடமை இல்லை.

தர்மம் முதலில் மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையே பிறந்தது. பிறகு மனிதனுக்கும் சமூகத்துக்கும் இடையே விரிந்தது. மூன்றாவது படியாக அது மண், நீர், செடி, விலங்கு ஆகியவற்றுக்கும் விரிய வேண்டும் என்றார் அவர். மனிதன் நிலத்தை வென்ற சக்கரவர்த்தி அல்ல, அந்தக் கூட்டுக் குடும்பத்தில் ஓர் அங்கத்தினன். அந்தக் குடும்பம் சிதையாமலும், நிலைகுலையாமலும், அழகு கெடாமலும் இருக்க உதவும் செயல் சரி; மற்றது தவறு.

விவசாயி தன் வயிற்றைப் பார்க்க வேண்டாமா என்று கேட்கலாம். பார்க்கத்தான் வேண்டும் என்பதை லியோபோல்டு மறுக்கவில்லை. நிலத்தைப் பயன்படுத்தாதே என்றும் அவர் சொல்லவில்லை. கடைசிவரை வேட்டையாடியவர், மரம் வெட்டியவர் அவர். லாப நஷ்டம் ஒரு கேள்வி, ஆனால் அது ஒன்றே கேள்வி ஆகிவிடக் கூடாது என்பதே அவர் சொன்னது.

எழுந்த ஆட்சேபங்கள்

எல்லோரும் அவரை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள் என்று இல்லை. முழுக் குடும்பத்தின் நன்மையே பெரிது என்றால், அதற்காகத் தனி உயிரைப் பலி கொடுக்கலாமா என்று 1983-ல் டாம் ரீகன் என்ற தத்துவ ஆசிரியர் கேட்டார். புதிய தர்மம் பழைய தர்மத்தை ரத்து செய்யவில்லை, அதன்மேல் இன்னொரு வளையமாகச் சேருகிறது என்று லியோபோல்டின் பக்கம் பேசுவோர் பதில் சொன்னார்கள்.

இன்னொரு குறையும் உண்டு. அவர் பைன் நட்ட அந்தப் பகுதி ஒரு காலத்தில் ஹோ-சங்க் என்ற பூர்வகுடி மக்களின் பூமி. 19-ம் நூற்றாண்டில் அவர்கள் திரும்பத் திரும்ப அங்கிருந்து விரட்டப்பட்டனர். கீலா காடு அப்பாச்சி மக்களின் பூமி. நிலத்தோடு ஏற்கெனவே உறவு வைத்திருந்த இந்த மக்களைப் பற்றி அந்தக் கட்டுரை பேசவில்லை.

மனிதர் இல்லாத வனம் என்ற அமெரிக்க எண்ணத்தை இந்தியா போன்ற நாடுகளில் அப்படியே கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று 1989-ல் ராமச்சந்திர குஹா எழுதினார். புலிகளுக்காக ஒதுக்கிய காடுகளில் இழப்பு ஏழைக் கிராமத்தார் தலையிலும், பயன் வசதி உள்ளோர் கையிலும் போய்ச் சேர்ந்தது என்று அவர் சுட்டிக்காட்டினார். அந்தக் கண்டனத்துக்கும் லியோபோல்டிடமிருந்தே ஒரு வழி கிடைக்கிறது. அவருடைய கடைசிப் பாடம் பூட்டிவைத்த காட்டிலிருந்து வந்தது அல்ல. மனிதர் குடியிருந்து பாழாக்கிய பண்ணையை மனிதர் குடியிருந்தே தேற்றிய இடத்திலிருந்து வந்தது.

திரும்பி வந்த ஓநாய்

லியோபோல்டு சுட்ட வகையைச் சேர்ந்த மெக்சிகோ ஓநாய், 1970-களுக்குள் அமெரிக்கக் காடுகளில் அநேகமாக இல்லாமலே போய்விட்டது. 1976-ல் அழிந்துவரும் இனங்களின் பட்டியலில் அதைச் சேர்த்தார்கள். மிஞ்சிய சிலவற்றைப் பிடித்துக் கூண்டில் வைத்து இனம் பெருக்கினார்கள். 1998-ல் 11 ஓநாய்கள் காட்டில் விடப்பட்டன. விடப்பட்டது எங்கே தெரியுமா? அதே அப்பாச்சி காட்டில்! மாடுகளை இழக்கும் பண்ணைக்காரர்களின் புகாரும் கூடவே வந்தது. புகார் ஒருபுறம் இருக்க, 89 ஆண்டுகளுக்கு முன் அணைந்த ஒளி அந்த மலையில் மறுபடி ஏற்றப்பட்டது.

அந்தக் கோழிக் கொட்டகை இன்றும் இருக்கிறது. 2009-ல் அது தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அவருடைய ஐந்து பிள்ளைகளில் மூவர் நாட்டின் தேசிய விஞ்ஞானக் கழகத்துக்குத் தேர்வு பெற்றனர். சனி, ஞாயிறு மண்வெட்டி பிடித்த பிள்ளைகள்தாம்!

பிழைப்புக்காகப் பட்டணம் வந்து சேர்ந்தவர்களில் பலருக்கு ஊரில் அரை ஏக்கரோ ஒரு ஏக்கரோ இருக்கும். பங்காளி கையிலோ குத்தகையிலோ இருக்கும். லீவில் போகும்போது என்ன விலை போகும் என்று விசாரிப்பதோடு சரி. அது தேறியிருக்கிறதா, தேய்ந்திருக்கிறதா என்று வரப்பில் நின்று பார்ப்பவர் எத்தனை பேர்? லியோபோல்டும் பட்டணத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்தான். அவருக்குக் கிடைத்ததும் வருஷத்தில் சில நாட்கள்தான். அந்தச் சில நாட்களில் அவர் நட்ட பைன் மரங்கள் விஸ்கான்சின் ஆற்றங்கரையில் இன்னும் நிற்கின்றன.